முத்திரையும் வில்லங்கமும்

செயலிக் கடையில் இடம்பெற்று டிஜிட்டல் கையொப்பமும் தாங்கிய மென்பொருளே அபாயமற்றது, வெளியில் கிடைக்கும் திறமூல மென்பொருள் சந்தேகத்துக்குரியது என்பது, கம்பைநல்லூர் போன்ற சிற்றூர்கள் வரை பரவிவிட்ட சித்தாந்தம். அது பிழையென்பதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று: கையொப்பம், கர்த்தா இன்னாரென்றும் இடைவழியில் திருத்தம் நேரவில்லையென்றும் மட்டுமே சாட்சி கூறும்; பத்திரத்தின் முத்திரை, நிலத்தில் வில்லங்கமில்லை என்று உத்தரவாதம் தருமா? 2024இல் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளில் புறவாசல் (இரகசிய நுழைவழி) வைத்தவரே அதற்குக் கையொப்பமும் இட்டிருந்தார்.

இரண்டு: 2011இல் விஎல்சி என்னும் திறமூலக் காணொளி இயக்கி ஆப்பிள் செயலிக் கடையிலிருந்து நீங்கியது உரிம விதிகளின் முரண்பாட்டால்; மென்பொருளில் தோஷம் எங்கே?

மூன்று: 2022இல் இந்தியாவில் விஎல்சியின் தளம் முடக்கப்பட்டபோது, எங்கிருந்தோ பிரதி பெற நேர்ந்தவர்க்கு, அசலைப் போலியினின்று பிரித்தறியும் சாதனம் கையொப்பமே. ஆதலின் அதைச் சரிபாருங்கள், பூஜிக்க வேண்டாம்.