உத்தியோகம் ஊரைத் தேடி வருமா?

உத்தியோகம் புருஷ லட்சணம் என்பது எம்மவர் வாய்மொழி. அவ்வுத்தியோகத்தை நாடி, ஒரு நூற்றாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாய் நாட்டுப் புகையிரத நிலையங்களுக்கும் கொழும்புக் கந்தோர்களுக்கும் சென்றனர். ஊருக்குக் காசுக்கட்டளை வந்தது, கற்றவர் வந்திலர். பேரேடு இருக்குமிடத்திலே எழுதுவினைஞரும் இருத்தல் வேண்டியிருந்தமையால், அன்று அது தவிர்க்க முடியாததாயிற்று.

இன்றோ நிலைமை வேறு. கணினித் தொழிலிலே பேரேடு கம்பிவழி செல்லும். கொழும்பிலிருந்து செய்யும் வேலையை வன்னியிலிருந்தும் செய்யலாம். அங்ஙனமாகவும், எம் இளைஞர் நகரத்து அறைவாடகைக்கும் பேருந்து நெரிசலுக்கும் தம் உழைப்பையும் பொழுதையும் இறைப்பது ஏன்?

இஃது இயலாதென்பார் தமிழகத்துத் தென்காசியை நோக்குக. ஸ்ரீதர் வேம்பு அவர்களின் ஸோஹோ நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் அந்நகரை அடுத்த மத்தளம்பாறைக் கிராமத்திலே அலுவலகம் திறந்தது. அங்கே நடந்தது வெறும் தட்டச்சு வேலையன்று. உலகெங்கும் விற்பனையாகும் 'ஸோஹோ டெஸ்க்' என்னும் மென்பொருள் தென்காசியிலே உருவாயிற்று. பள்ளிப்படிப்பை முடித்தோரை உதவிப்பணம் கொடுத்துப் பயிற்றும் கல்விக்கூடத்தையும் அந்நிறுவனம் நடத்துகின்றது. பின்னர் வேம்பு அவர்களும் அப்பகுதியிலேயே குடியேறினார்.

இதனால் நாம் அறியவேண்டுவது ஒன்றுண்டு. பொறுப்புள்ள வேலை வந்தாலே ஊர் வாழும். நகரத்தார் வேண்டாவென ஒதுக்கிய வேலை மட்டும் வருமாயின், அதனினும் மலிவான இடம் கண்டதும் அது போய்விடும்.

எமது நிலத்திலே கற்பார்க்குக் குறைவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. ஆயினும் மின்சாரம் தடைப்படுமே, வழிகாட்டும் மூத்தோர் இலரே என்று சிலர் ஆட்சேபிப்பர். அவை மெய்யே. முன்னதற்கு மின்பிறப்பாக்கி போதும். பின்னதற்குரிய மருந்து பழைய மாணவராகிய எம்மிடமே உண்டு.

கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்றோவிலும் கணினித்துறையில் உயர்பதவி வகிக்கும் அன்பர்காள்! கல்லூரி மண்டபத்துக்குப் பொருள் உதவுகின்றீர்கள், அது நன்றே. அதனோடு, உங்கள் பொறுப்பிலுள்ள பணிகளுள் ஒன்றை, அதனை நடத்தும் அதிகாரத்துடன், ஊருக்கு அனுப்புங்கள். இயலுமாயின் ஓரிரு ஆண்டு நீங்களே வந்திருந்து இளைஞரைப் பழக்குங்கள். காசுக்கட்டளை வந்த வழியால் இனி வேலையும் வரட்டும்.