பாதி வெற்றி, முழுப் பணயம்

2024ஆம் ஆண்டில் ஒரு பிற்பகல், மாணவர் ஒருவர் துறை அறைக்கு வெளியே வெகுநேரம் தயங்கி நின்றார். பருவக் கட்டணத்துக்கென்று வீட்டார் அனுப்பிய பணத்தை இணையச் சீட்டாட்டத்தில் இழந்திருந்தார். படித்த பிள்ளை சூதாடலாமா என்று நாம் கேட்டதும் தலை நிமிர்ந்தார். "ஐயா, இது சூது இல்லீங்க. திறமை ஆட்டம். கோர்ட்டே சொல்லியிருக்கு." திருக்குறளின் சூது அதிகாரத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் நமக்கு அன்று மறுமொழி வாய்க்கவில்லை. அவர் ஆடிய ஆட்டத்தின் அரிச்சுவடிகூட நமக்குத் தெரியாது என்பதே காரணம்.

மாணவர் சொன்னதில் பொய்யும் இல்லை. விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்வதற்கும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதற்கும் திறன் வேண்டும் என்பதால், ரம்மியைத் திறன் மிகுந்த ஆட்டம் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குதிரைப் பந்தயத்தையும் 1996இல் அவ்வாறே வகைப்படுத்தியது. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்றபோதும், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களாகக் குறித்த அட்டவணையை ஏற்கவில்லை. ஆயினும் 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே ஒரு பின்குறிப்பு உண்டு: ஆட்டத்தை நடத்துவோர் அதிலிருந்து லாபம் ஈட்டினால் நிலை வேறாகலாம். அந்தப் பகுதி மாணவரின் செவிக்கு எட்டவில்லை.

தெரியாததைப் பழிப்பது ஆசிரியருக்கு அழகன்று. சென்ற கோடை விடுமுறையில் அயல்நாட்டிலிருந்து வந்திருந்த அக்காள் மகனிடம், போக்கரிலேயே கடினமானதாகப் பார்த்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னோம். நந்தனத்தில் நம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, மேல்வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலரையும் சேர்த்துக்கொண்டு மூவராக அமர்ந்தோம். காசு கூடாது என்பது நிபந்தனை. பணயத்துக்குப் புளியங்கொட்டை.

அவன் கற்றுத் தந்தது ஒமாஹா ஹை-லோ. ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள். நடுவில் அனைவர்க்கும் பொதுவாக ஐந்து. கையிலிருந்து இரண்டும் நடுவிலிருந்து மூன்றும் எடுத்து ஐந்து சீட்டுத் தொகுதி ஒன்றை அமைக்கவேண்டும். சேர்ந்த பணயத்தில் ஒரு பாதி மிக உயர்ந்த தொகுதிக்கு, மறுபாதி மிகத் தாழ்ந்த தொகுதிக்கு. தாழ்ந்தது என்று கொள்ள ஐந்தும் வெவ்வேறு எண்களாக, எட்டுக்கு மேற்படாதவையாக இருக்கவேண்டும். அப்படியொன்று எவரிடமும் அமையாவிட்டால் உயர்ந்ததற்கே முழுவதும் சேரும்.

தமிழ் படித்தவர்க்கு இங்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. ஏஸ் எல்லாவற்றினும் பெரிது. தாழ்ந்த கணக்கில் எல்லாவற்றினும் சிறிது. ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று அமைந்தால் அதுவே தாழ்ந்தவற்றில் முதன்மையானது. உயர்ந்த பக்கத்திலும் அது வரிசைத் தொகுதியாக நிற்கும். காளமேகத்தின் சிலேடை போல, ஒரே சொற்கூட்டத்துக்கு இரண்டு பொருள்.

முதல் நாள் நம் கையில் நான்கு இஸ்பேட், நடுவில் ஒன்று. ஐந்து இஸ்பேட் சேர்ந்தனவே என்று பெருமிதத்தோடு விரித்தோம். "மாமா, கையிலேர்ந்து ரெண்டே ரெண்டுதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றான். நூற்பாவை முழுதும் படிக்காமல் உரை சொல்லும் மாணவரை நாம் எத்தனை முறை கடிந்திருக்கிறோம்!

மூன்றாம் நாள் தாழ்ந்த பக்கத்தில் நம்முடையதை மிஞ்ச ஒன்றில்லை என்று உறுதியாகத் தெரிந்தது. தலைக்கு நூறு கொட்டைகள் வைத்தோம்; மொத்தம் 300. உயர்ந்த பாதியான 150ஐ மருமகன் எடுத்துக்கொண்டான். தாழ்ந்த பாதிக்கு நாம் கைநீட்டியபோது, அஞ்சல்காரர் மெல்லத் தம் சீட்டுகளைத் திருப்பினார். அவரிடமும் அதே ஏஸ், அதே இரண்டு. ஆளுக்கு 75. நூறு வைத்து, வென்று, இருபத்தைந்தை இழந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாம் தவறாக ஆடவில்லை, கணக்கும் பிழையில்லை, வென்றும் இருந்தோம். அடுத்த சுற்றில் மீட்டுவிடலாம் என்று மனம் கணக்கிட்டுக்கொண்டே இருந்தது. புளியங்கொட்டைக்கே இப்படியென்றால் பருவக் கட்டணத்துக்கு எப்படி இருந்திருக்கும்? பணம் வைத்து நடக்கும் இடங்களில், ஆட்டத்தை நடத்துவோர் பணயத்திலிருந்து தம் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எவ்வளவு திறமையாக ஆடினாலும் அந்தக் கழிவு நிற்காது.

ஆகவே நம் கருத்து இது. திறமையா தற்செயலா என்ற வழக்கு நம் மாணவரின் கேள்விக்குப் புறம்பானது. திறமை உண்டு, அதை மறுப்பது அறியாமை. திறமை இருப்பதால் பணயம் பாதுகாப்பாகிவிடாது என்பதே நாம் சொல்லத் தவறியது. வள்ளுவரும் சூதாடுபவரின் திறமையைக் குறைகூறவில்லை. வெல்வதையே தூண்டில் என்று கண்டார். பாரதத்தில் நளன், இருதுபன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்றே நாட்டை மீட்டான். ஆனால் கற்றுத் திரும்பிய அந்த ஆட்டத்திலும் அவன் பணயமாக வைத்தது தமயந்தியை! கல்வி வந்தது, பணய மயக்கம் போகவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, தற்செயல் என்ற பாகுபாடின்றித் தடைசெய்தது. சட்டம் கேட்கவேண்டிய கேள்விக்கு வந்து சேர்ந்துவிட்டது. தமிழாசிரியர்களாகிய நாம் இன்னும் வரவில்லை. சூதைத் தீது என்று பொருள் சொல்லி அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுகிறோம்.

வரும் பருவத்தில் அந்த அதிகாரத்தை நடத்தும் நாளில் ஒரு கட்டுச் சீட்டும் ஒரு படி புளியங்கொட்டையும் வகுப்புக்கு எடுத்துச் செல்வதாக இருக்கிறோம். விதிகளை முறையாகச் சொல்லிக்கொடுப்போம். நூறு வைத்து எழுபத்தைந்தை வென்றெடுக்கும் மாணவர் எவராவது இருந்தால், குறளுக்குப் பொருளை அவரே சொல்லட்டும்.