செக்கிங் கடைசி வேலை அல்ல!

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. நிட்டிங்கிலேயே ஓட்டை தெரிந்தால் ஊசியை மாற்றினால் போதும். சாயம் போட்ட பிறகு தெரிந்தால் துணி போச்சு. தைத்த பிறகென்றால் கூலியும் போச்சு. கப்பல் ஏறிய பிறகு பையர் கண்டுபிடித்தால் ஆர்டரே போச்சு! அதனால்தான் தையல் நடக்கும்போதே செக்கிங் வைக்கிறார்கள்.

மென்பொருளிலும் இதே கணக்குதான். ஆனால் பல புராஜெக்டுகளில் தேதி நெருங்கியதும் முதலில் வெட்டப்படுவது டெஸ்டிங். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய சுமார் 40 வினாடியில் சிதறியது. ஏரியான் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே பயன்படுத்தினார்கள். புதிய ராக்கெட்டின் அதிக வேகத்தால் ஒரு 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. புதிய பாதையின் கணக்குகளை வைத்துத் தரையிலேயே சோதித்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

"தரம் பார்த்தால் தேதி தவறும்" என்பார்கள். தேதி முக்கியம்தான், தாமதமான சரக்கு விமானத்தில் போனால் லாபம் கரையும். அவசரம் என்றால் இரண்டு வசதிகளை அடுத்த பதிப்புக்குத் தள்ளலாம். சோதனையைக் குறைத்தால் மிச்சமாகும் நேரம், நடுராத்திரி போன் அழைப்புகளாகத் திரும்பி வரும்.

செக்கிங் டேபிளில் இருக்கும் அக்காவுக்கு "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் இருந்தால்தான் துணி தப்பும். டெஸ்டருக்கும் அதைக் கொடுங்கள், மேனேஜர்களே!