செண்பகாதேவிப் பாதைக்கு எச்சரிக்கைப் பலகை தேவை



வார இறுதியில் குற்றாலம் வரும் இளந்தம்பதியர் பலர், பேரருவியின் நெரிசலைத் தவிர்த்து, அதற்கு மேலே சிற்றாற்றின் போக்கிலேயே அமைந்த செண்பகாதேவி அருவிக்கு மலையேற விரும்புவது இயல்பே. ஆயினும் அது வனத்துறையின் கட்டுப்பாட்டிலுள்ள காடு என்பதையும், அங்கே அனுமதியின்றி நுழைதல் ஆபத்தானது என்பதையும் அவர்கள் உணர வேண்டும். அருவிக்கரையில் வெயில் காயும்போதே மலையுச்சியில் பெய்த மழை சில நிமிடங்களில் திரண்டு இறங்குவதே திடீர் வெள்ளம் எனப்படும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அத்தகைய வெள்ளம் 17 வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது, இன்றும் நெஞ்சைவிட்டு அகலாத துயரம். தெளிந்த நீர் செந்நிறமாகக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும் திடீர் வெள்ளத்தின் முன்னறிகுறிகள். இவற்றை விளக்கும் பலகைகளைச் சாரல் காலத்துக்கு முன்பே அருவிகள்தோறும் தென்காசி மாவட்ட நிர்வாகம் நிறுவ வேண்டும்.

— ஒரு வாசகர், தென்காசி