பிரவுசரை மட்டும் அப்டேட் செய்தால் போதுமா?

தெரியாத ஃபைலைத் திறக்காமல் இருந்தாலே கம்ப்யூட்டர் பத்திரம் என்று புதிதாக வாங்கியவர்கள் பலர் நம்புகிறார்கள். ஒரு படத்தைப் பார்ப்பதே ஆபத்தாகலாம் என்பது 2023 செப்டம்பரில் தெரியவந்தது.

வெப்பி என்பது கூகுள் உருவாக்கிய பட வகை. இதைத் திரையில் காட்ட லிப்வெப்பி என்ற லைப்ரரி உதவுகிறது. லைப்ரரி என்பது பல சாப்ட்வேர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் புரோகிராம் தொகுப்பு.

அரைப்படிப் பாத்திரத்தில் ஒரு படி பாலை ஊற்றினால் வழியும் அல்லவா? விஷமிகள் திட்டமிட்டுத் தயாரித்த படம் வந்தால், லிப்வெப்பியும் மெமரியில் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும். அதன் மூலம் அவர்கள் தங்கள் புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டரில் இயக்க வழி கிடைக்கும். இந்தக் குறையை வைத்துத் தாக்குதல் நடந்திருப்பதாகக் கூகுளே அறிவித்தது.

செப்டம்பர் 11 அன்று குரோமுக்கும், மறுநாள் பயர்பாக்ஸுக்கும் திருத்தம் வந்தது. அத்துடன் வேலை முடிந்துவிடவில்லை என்பதே என் கருத்து. ஸ்லாக், சிக்னல் போன்றவற்றின் டெஸ்க்டாப் புரோகிராம்கள் லிப்வெப்பியின் தனிப் பிரதியைத் தங்களுக்குள் வைத்திருக்கின்றன. குரோமைச் சரிசெய்தால் அவை சரியாகாது. விண்டோஸ் அப்டேட்டும் அவற்றைத் தொடாது.

எனவே ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனியே அப்டேட் செய்யுங்கள். அப்டேட் இறங்கியதும் அதை மூடித் திறங்கள். அப்போதுதான் திருத்தம் செயலுக்கு வரும். பயன்படுத்தாதவற்றை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். இல்லாத புரோகிராமில் ஓட்டை இருக்க முடியாது!