ழகரப் பெருமையும் நம் நாவும்

நம் சங்க விழாக்களில் ஒலிபெருக்கியின்முன் நிற்போர் தவறாது கூறும் செய்தி ஒன்று உண்டு: ழகரம் உலகில் வேறெம்மொழிக்கும் இல்லையாம், தமிழுக்கே உரிய தனிச்செல்வமாம். நாமும் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டலையே இங்கு மறுக்க முற்படுகின்றோம்.

மலையாளிகள் ஆலப்புழை என்றும் கோழிக்கோடு என்றும் நாள்தோறும் நம்மினும் திருத்தமாக ஒலிக்கின்றனர். சீனத்து மாண்டரின் மொழியில் மனிதனைக் குறிக்கும் சொல் ழகரத்திற்கு நெருங்கிய ஒலியோடுதான் தொடங்குகிறது. தொலைவில் உள்ளவை போகட்டும். நாம் குடியேறி வாழும் இம்மைசூரின் மொழிக்கே ஒரு காலத்தில் ழகரம் இருந்தது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அதற்குத் தனி வடிவமே உண்டு. நம் கோழி அங்கும் கோழி, மழை 'மழெ', வாழை 'பாழெ', புழு புழுவே. முதலில் நா தளர்ந்தது; ழகரம் ளகரத்தோடு கலந்தது. 13ஆம் நூற்றாண்டில் கேசிராசர் தம் 'சப்தமணிதர்ப்பணம்' என்னும் இலக்கணத்தில் ழகரம் பயிலும் சொற்களைத் தொகுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. பின்னர் எழுத்தும் வழக்கொழிந்தது. இன்று தேவராஜ மார்க்கெட்டில் நாம் வாங்குவது 'பாளெஹண்ணு'. கோளி, மளெ, ஹுளு என்றே கேட்கிறோம். நம் பொழுதுக்கு உறவான 'ஹொத்து' என்னும் சொல்லிலோ ழகரம் நின்ற தடமே இல்லை.

அதே மார்க்கெட்டில் நம் பிள்ளைகள் கேட்பது என்ன? 'வாளப்பளம்'. கன்னடச் சேர்க்கையால் நேர்ந்த கேடு இது என்று பழிசுமத்துவோரும் நம்மிடையே உளர். அஃது அநீதி. சென்னையில் 'வாயப்பயம்', தென்மாவட்டங்களில் 'வாளப்பளம்', யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ளகரமே மிகுதி. அங்கெல்லாம் எந்தக் கன்னடர் சென்று கெடுத்தார்?

இன்னொரு விளக்கமும் விழா மலர்தோறும் வருகின்றது. த வல்லினம், மி மெல்லினம், ழ் இடையினம். மூவினமும் அமையத் திட்டமிட்டே 'தமிழ்' எனப் பெயரிட்டனர் என்பர். அங்ஙனமாயின் 'குமிழ்' என்னும் சொல்லிலும் மூவினமும் முறையாக அமைந்துள்ளனவே! அதற்குப் பெயரிட எப்புலவர் பேரவை கூடியது?

பெருமை பேசக் கற்பனை எதற்கு? மதுரையை அடுத்த மாங்குளம் குகைக் கல்வெட்டில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில், நெடுஞ்செழியன் என்னும் பெயரிலேயே ழகரம் நிற்கிறது. வடநாட்டுப் பிராமியில் இல்லாத அவ்வொலிக்குத் தமிழர் தனி வடிவம் வகுத்துக்கொண்டனர். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டியதற்கு, வடமொழிக்கு வேண்டாத ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள் துணைநின்றன. நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ ழகரம் பிறக்கும் என்று தொல்காப்பியர் செய்முறையே தந்துள்ளார்.

அச்செய்முறையை நம் இல்லங்களில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குக் காட்டியுள்ளோம்? நம்மில் பலர் அரசு ஊழியர். சம்பளப் பட்டியலில் 'செழியன்' என்பது 'செலியன்' ஆனபோது, படிக்காசு தவறினால் மறுநாளே மனுச் செய்யும் நாம், ஒரு வரியேனும் எழுதினோமா? ஞாயிறு வகுப்பிலும் ழகரத்தை எழுதக் கற்பிக்கிறோமேயன்றி ஒலிக்கக் கற்பிப்பதில்லை.

அடுத்த ஆண்டு விழாவில் ழகரப் பெருமைச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் அரைமணியை நிறுத்திவிடலாம். அந்நேரத்தில் பத்துப் பிள்ளைகளை மேடையேற்றி, மழை, கோழி, ஏழு, வாழை என வாய்விட்டுச் சொல்லச் செய்வோம். அண்டை வீட்டுக் கன்னடப் பிள்ளைகளையும் உடன் அழைப்போம். அவர்தம் முன்னோரும் எழுதிய எழுத்தல்லவா அது.