கார்டு வந்த பிறகா கற்பது?

"விலை கூடிய புது கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முப்பரிமாண அனிமேஷனில் கை வைக்க முடியாது. அதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்கு." ஆசையோடு வரும், கடலோர ஊரான உடப்பின் பிள்ளையைத் தொடங்குமுன்பே திருப்பி அனுப்பிவிடும் பேச்சு இது. அதனால்தான் இதை மறுத்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கார்டு செய்யும் வேலை கரைவலை இழுப்பைக் கண்டவர்களுக்குச் சுலபமாகப் புரியும். அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இரு கயிற்றிலும் வரிசையாக நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள். ஒருவர் பங்கு சிறிது. ஆள் தொகைதான் பலம். கிராபிக்ஸ் செயலியும் அப்படியே. ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் திரையின் புள்ளிகளைச் சேர்ந்து கணிக்கின்றன. கணினியின் மையச் செயலியில் இருப்பதோ சில பலசாலிகள். அவர்களும் அதே கணக்கைப் போடுவார்கள், நேரம் கூடும். கரைவலையில் ஆள் குறைந்தால் மீன் தப்பிவிடும்; படத்தில் எதுவும் தப்பாது. 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி' 117 சன் கணினிகளின் மையச் செயலிகளில்தான் உருவானது. கிராபிக்ஸ் செயலிக்கு 'ஜிபியு' என்ற பெயரை என்விடியா நிறுவனம் பரப்பியதே 1999-இல், ஜீஃபோர்ஸ் 256 கார்டோடு.

புதியது வந்தால் பழையது குப்பை என்பது அடுத்த வாதம். 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு பழைய 4090 கார்டின் திறனைத் தரும் என்று மேடையில் அறிவித்தார். 4090 வெளிவந்தபோது அதன் விலை 1,599 டொலர். அந்த ஒப்பீடு டிஎல்எஸ்எஸ் 4 என்ற என்விடியா வசதியை நம்பி நின்றது. அதில் உண்மையாகக் கணித்த ஒரு பிரேமுக்கு, செயற்கை நுண்ணறிவு ஊகித்த மூன்று பிரேம்கள் வரை சேர்க்கப்படுகின்றன. விளையாட்டு வழுவழுப்பாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஊகித்த பிரேமில் விளையாடுபவரின் புதிய கையசைவு இல்லை. அந்த வசதியை நிறுத்தினால் 5070 வெகுதூரம் பின்தங்குகிறது. நினைவகமும் 24 ஜிபிக்கு எதிரே 12 ஜிபிதான். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இறுதிப் படத்தை எடுப்பவருக்கு இந்த ஊகம் உதவவே உதவாது; அங்கே ஒவ்வொரு பிரேமையும் முழுதாகக் கணித்தாக வேண்டும்.

மென்பொருளுக்குக் காசு எங்கே என்று கேட்பவர்களுக்கு: 2002-இல் பொதுமக்கள் சேர்த்த 1,00,000 யூரோவால் பிளெண்டர் திறந்த மூலமானது. அன்றிலிருந்து அது இலவசம்.

லாத்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ' அதே பிளெண்டரில் உருவாகி, 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் பெற்றது. அவரிடம் நல்ல கார்டு இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பெரிய ஸ்டூடியோக்கள் வைத்திருக்கும் கணினிப் பண்ணை இல்லாமல்தான் முழுப்படத்தையும் எடுத்தார்.

கார்டு தேவைப்படும் இடங்கள் உண்டு. பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரியை வீட்டில் ஓட்டவோ, நீண்ட காட்சியை நாள் குறித்து முடித்துக் கொடுக்கவோ அது வேண்டும். அது தொழிலுக்கு வந்தபின் எழும் தேவை. கற்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது உருவம் சமைக்கும் கை. முப்பரிமாண உருவமே முக்கோணங்களும் நாற்கோணங்களும் கோத்த வலைதானே. வலைக்கண் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது அந்நியமல்ல. வீட்டில் இருப்பது பழைய மடிக்கணினியா? பிளெண்டரின் பழைய பதிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை இறக்கி, கரைவலையில் மீன் சேரும் மடியை முதலில் செய்து பார்க்கட்டும்.